நஸீஹா சொன்ன படம்

கஸர் ஹெலாலில் ஜீன்ஸ் தைக்கும் எங்கள் ஆலையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நஸீஹாவின் பக்கத்தில் இடம் பிடிக்கப் போட்டி நடக்கும். அவள் அதிகாரி இல்லை. பாக்கெட் தைக்கும் வரிசையில் எனக்கு அடுத்த எந்திரத்தில் இருப்பவள், அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கு என்ன படம் பார்க்கலாம் என்று அவளைக் கேட்காமல் எங்களில் யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

அவளுடைய அப்பா படுக்கையில் கிடந்த வருடங்களில் வந்த பழக்கம் இது. வெளிநாட்டில், லியோனில் வேலை பார்க்கும் தம்பி, படம் பார்க்கும் செயலியில் இருந்த தன் கணக்கை அவள் கைபேசியிலும் திறந்து கொடுத்தான். ஊரெல்லாம் பார்க்கிற படங்களை அவளும் பார்த்தாள், சீக்கிரமே அலுத்துவிட்டது. பழைய துணிச் சந்தையில் குவியலின் அடியில் கையை விட்டு நல்ல கம்பளிச் சட்டையை உருவி எடுப்பவள் அவள். அதே பொறுமையோடு திரையைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனாள். அந்த அடியில், யாரும் தொடாத படங்கள் அநாதைப் பிள்ளைகளைப்போல் காத்துக் கிடந்தன. அப்பா போன பிறகு, வீட்டில் அவளோடு பேச அவைதான் இருந்தன.

யாருக்கு எந்தப் படம் என்பதில் அவளுக்குக் கைராசி. புருஷன் விட்டுப் போன ஹாயத்துக்கு, பனிமலையில் தனியாகக் குதிரை வளர்க்கும் ஒருத்தியைப் பற்றிய ஆவணப்படம். ஹாயத் அதைப் பார்த்து அழுது முடித்து, மறுநாளே தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வேலைக்கு வந்தாள். தூக்கம் வராத மேற்பார்வையாளருக்கு, பியானோ பழுதுபார்க்கும் கிழவர் ஒருவரைப் பற்றிய படம். அவர் பாதி கூடப் பார்க்காமல் தூங்கிப்போய், அதற்காகவே நன்றி சொன்னார்.

முடிவை மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. அப்படிச் சொல்லிவிட்டால் ‘எரித்துவிட்டான்’ என்று திட்டுவோம். இந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் இன்னொரு பொருளும் உண்டு. அனுமதி எதுவும் இல்லாமல் படகேறி, எதிர்க்கரையில் இருக்கும் இத்தாலிக்குப் போவதும் எங்களுக்கு ‘எரிப்பது’தான். பிடிபட்டால் எந்த நாட்டான் என்று தெரியக் கூடாதென்று அடையாள அட்டையை எரித்துவிட்டுப் போவார்கள். அதிலிருந்து வந்த பேச்சு. ஒரு வீட்டுப் பிள்ளை எரித்துவிட்டான் என்று செய்தி வந்தால், அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது.

பொத்தான் துளை போடும் மப்ரூக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். அவளுடைய தங்கை மகனைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவளுக்கென்று இருப்பவன் மகன் வஜ்தி ஒருவன்தான். படித்துவிட்டு வேலை கிடைக்காமல், காபிக் கடையில் உட்கார்ந்து எதிர்க்கரையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவன்.

அந்த வாரம் எங்கள் கைபேசிக் குழுவில் நஸீஹா சொன்னது ஓர் இத்தாலியத் தீவைப் பற்றிய ஆவணப்படம். கரையேறி வருகிறவர்களுக்கெல்லாம் சோறு சமைத்துப் போடும் ஒரு விதவையின் கதை. வெள்ளிக்கிழமை மப்ரூக்கா மகனோடு உட்கார்ந்து பார்த்தாள். பாதியிலேயே முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். மீதியை அவன் தனியாகப் பார்த்தான்.

சனிக்கிழமை காலை அவன் படுக்கை காலியாக இருந்தது. கைபேசி அணைந்திருந்தது. மதியம் கழிந்ததும் எங்கள் குழுவில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவள் துர்சாஃப், மப்ரூக்காவின் அண்ணன் மகள், பக்கத்து ஊரான மொக்னீனில் இருந்தாலும் படத்துக்காக எங்கள் குழுவில் சேர்ந்தவள்.

“வஜ்தி எரிச்சிட்டான். அல்லாஹ்தான் அவனைப் பாத்துக்கணும்.”

அதன்பிறகு துர்சாஃப் யார் கூப்பிட்டும் எடுக்கவில்லை.

நாங்கள் ஓடிப் போனபோது மப்ரூக்கா அழவில்லை. மகனுடைய கம்பளிச் சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். நஸீஹாவைக் கண்டதும் கை நின்றது.

“தண்ணியில வந்தவனத் தூக்கி உக்கார வச்சு சோறு போடுறதக் காட்டினியேடி. அங்க போனா ஒரு அம்மா இருக்கான்னு நம்பி என் புள்ள கிளம்பிட்டான். இங்க இருக்கிற அம்மா போதலையா அவனுக்கு?”

நஸீஹாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. வெளியே வந்து என் கையைப் பிடித்தாள். துர்சாஃபிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான், எந்தக் கரை, எந்தப் படகு என்று தெரிந்தால் கடற்காவலுக்குச் சொல்லித் திருப்பிவிடலாம் என்றாள். இருவரும் பங்கு டாக்சியில் மொக்னீனுக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் அவளுக்குக் கண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. அவன் மட்டும் திரும்பி வந்துவிட்டால் ஆயுளுக்கும் யாருக்கும் ஒரு படமும் சொல்ல மாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள். ஓட்டுநரே பாட்டை நிறுத்திவிட்டார்.

துர்சாஃப் கைபேசியை வீட்டில் போட்டுவிட்டுப் ஊரின் பொது நீராவிக் குளியல்கூடத்துக்குப் போயிருப்பதாக அவள் அம்மா சொன்னாள். பெண்கள் குளிக்கும் அந்தக் கூடத்துக்குள் நஸீஹா கோட்டும் செருப்புமாக நுழைந்தாள். பின்னால் நான். ஆவிக்கு நடுவே, தலை நிறைய, முடி அலசும் களிமண் பூசி உட்கார்ந்திருந்தாள் துர்சாஃப்.

“எப்படி எரிச்சான்? சொல்லு.”

“காலையில எல்லாரும் ரொட்டி சாப்பிடறப்ப. வாய மூடுடான்னு அப்பாவே அதட்டினாரு. கேக்கல.”

“உங்கப்பா இருந்தாரா? தடுக்கலையா?”

“என்னத்த தடுக்கிறது? மேல ஏறி நின்னுக்கிட்டான்.”

“படகு மேலயா?”

துர்சாஃப் கண்ணில் வழிந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். “ஏணி மேல. ஒலிவ மரத்துல. கீழ நாங்க, காய் விழ விரிச்ச வலை பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தோம். கடைசியில அந்த அம்மா என்ன பண்றான்னு ஒண்ணு விடாம சொல்லிட்டான். நான் இன்னிக்குப் பாக்கலாம்னு வச்சிருந்தேன் அக்கா.”

“எரிச்சது படத்தையா?”

“பின்ன வேற எதை?”

நஸீஹா அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோட்டு நனைய நனையச் சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். நானும் அழுதேன். விஷயம் புரியாமலே இன்னும் இரண்டு பெண்கள் அழுதார்கள்.

ஊருக்கு வெளியே தோப்பில் வஜ்தி மரத்தில்தான் இருந்தான், மாமாவோடு காய் உருவிக்கொண்டு. விடியலில் மாமா அழைத்தாராம், கிளம்பிவிட்டானாம். அதோடு கைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், அவள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்றான். நஸீஹா ஏணியைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள். பிறகு மப்ரூக்காவைக் கூப்பிட்டு, தன் கைபேசியை அவன் காதில் வைத்தாள்.

“உம்மா, நான் மாமா தோப்புல இருக்கேன்.”

“மரத்துலயா இருக்க?”

“ஆமா உம்மா.”

“பக்கத்துல தண்ணி ஏதாச்சும் இருக்கா?”

“கிணறு ஒண்ணு இருக்கு.”

“அதுகிட்டயும் போகாத.”

பெற்ற வயிறு அன்று முழுக்கச் செத்துப் பிழைத்திருந்தது. மாலையில் நாங்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போனதும் மப்ரூக்கா முதலில் அவன் முதுகில் ரெண்டு வைத்தாள். பிறகு ஒலிவக் கறை படிந்த அவன் கைகளை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அன்று அவள் வீட்டு அடுப்பில் கோதுமை ரவைக் கூஸ்கூஸ் வேகும் மணம் தெருமுனை வரை வந்தது.

திங்கட்கிழமை மதியம் நஸீஹா தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். யார் கேட்டும் படம் சொல்லவில்லை. வேண்டிக்கொண்டதை மீறுவதற்கு அவளுக்குப் பயம். மப்ரூக்கா நேராக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் ரொட்டிக்குள் இருந்த அவித்த முட்டையை எடுத்து அவள் ரொட்டியில் வைத்தாள்.

“படம் சொல்லு.”

நஸீஹா தலையாட்டி மறுத்தாள்.

“வேண்டிக்கிட்டது என் புள்ளைக்காகத்தானே? அந்தப் புள்ளையப் பெத்தவ நான் சொல்றேன். சொல்லு. ராத்திரியெல்லாம் அவன் முழிச்சிட்டு உக்காந்திருக்கான், நான் அவனப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நடுவுல ஓட ஏதாச்சும் வேணும். கடல் இல்லாததா இருக்கட்டும்.”

நஸீஹாவின் கண் நிறைந்தது. கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்து, திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூடம் நடத்தும் ஓர் ஆசிரியையின் படத்தில் விரல் நின்றது. மப்ரூக்கா எட்டிப் பார்த்தாள்.

“பின்னாடி ஆறு தெரியுதே.”

“ஆறுதானே அக்கா.”

“அந்த ஆறு எங்கடி போய்ச் சேருது?”

நஸீஹா திரையை இன்னும் கீழே தள்ளினாள்.