லாரி வரிசையில் ஹைபிரிட் கார்

திருவொற்றியூர் தாண்டி, கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் நிற்கிறோம். துறைமுக ஆட்களை ஏற்றி இறக்க, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் கார் வாங்கலாமா என்று மகன் கேட்டிருந்தான். நானே உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்வேன் என்று, ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு வாடகைக்கு ஒன்று பிடித்திருக்கிறேன்.

திடீரென்று எஞ்சின் சத்தம் அடங்குகிறது. நடுக்கடலில் போட் எஞ்சின் நின்றுபோனது போல இருக்கிறது. கதவைப் பிடித்துக்கொள்கிறேன்.

“இன்னா நைனா, வண்டி படுத்துக்கிச்சா?”

ஓட்டுநர் சிரிக்கிறார். “படுக்கல ஆயா. நின்னா பெட்ரோலு எரியாது, பேட்டரி பாத்துக்கும். ஏசி வந்துகினுதானே கீது?”

“ஹைவேல வேகமா போனா?”

“அப்ப பெருசா மிச்சமில்ல. இப்டி ஊர்ந்துகினு போனாத்தான் லாபம்.”

மகனுக்குத் தினமும் இதே ரோடு, இதே வரிசை. முன்னால் லாரிகள் நின்றபடியே புகை விடுகின்றன. கண்ணாடியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிகிறது.

போன் போடுகிறேன்.

“வாங்குடா. பெட்ரோலு மிச்சம்தான். ஊரு காத்த சுத்தம் பண்றேன்னு மட்டும் பீத்திக்காத. இந்த ரோடு சரியாச்சுன்னா அந்த மிச்சமும் போய்டும்.”

மகன் சிரிக்கிறான். “ரோடு சரியாவுமாம்மா?”

எட்டிப் பார்க்கிறேன். வரிசை நகரவில்லை.

“தைரியமா வாங்கு.”