டீச்சர் வீட்டு அரைச் சாவி

பூட்டைத் திறக்கத் தெரிஞ்சவனுக்கு ஊர்ல வேலை குறையாது, ஆனா நம்பிக்கைங்கிறது அவனுக்கு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும்.

மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு கதவளவு அகலத்துல எனக்கொரு கடை. நான் சாவி வெட்டுறேன், என் சம்சாரம் குடை தைக்கிறா. ஆனா ஆளுங்க என்னைத் தேடி வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். சாவி பூட்டுக்குள்ள முறிஞ்சிருச்சு, பாதி கையில, பாதி உள்ள. இதை வாசிக்கிற உங்கள்லயும் நிறையப் பேர் அப்படி வாசல்ல நின்னவங்கதான். ஊசி, ஹேர்பின், ஈர்க்குச்சி எல்லாம் விட்டுக் குத்திப் பாத்திருப்பீங்க. கோவிக்காதீங்க, அதெல்லாம் துண்டை இன்னும் உள்ளதான் தள்ளும்.

என்கிட்ட ஒரு சட்டம் இருந்துச்சு. யார் வீட்டுக்குப் போனாலும் பக்கத்து வீட்டுல இருந்து ஒருத்தரைக் கூப்பிட்டு நிக்க வைக்கச் சொல்லுவேன். சாட்சி இல்லாம பூட்டைத் தொட மாட்டேன். நாளைக்கு அந்த வீட்டுல ஒரு கரண்டி காணாமப் போனாலும் முதல்ல ஞாபகம் வர்றது என் மூஞ்சிதானே? அந்தச் சட்டத்தை ஒரு நாள் மீறினேன், என் பேர் போச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன். அதுக்கு முன்னால ரெண்டு பேரைப் பத்திச் சொல்லிடறேன். நானும் ஒரு காலத்துல சிரிச்சுக்கிட்டு வேலை செஞ்சவன்தான்னு நீங்க நம்பணுமே.

ஒட்டிக்கிட்ட பூட்டு

தம்புள்ளை மரக்கறிச் சந்தையில இருந்து ஒரு முதலாளி போன் பண்ணினாரு. ஸ்டோர் பூட்டுக்குள்ள சாவி முறிஞ்சிருச்சாம், வெளிய லொறி நிக்குதாம், உள்ள போஞ்சி மூட்டையெல்லாம் வெந்துக்கிட்டிருக்காம். "நான் வர்ற வரைக்கும் ஒன்னையும் தொடாதீங்க முதலாளி, சும்மா இருங்க"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறினேன். சும்மா இருக்கிற வேலை மட்டும் மனுஷனுக்கு வரவே வராது. நான் போய் இறங்கிறதுக்குள்ள அவரு கையில இருந்த பாதிச் சாவியில பசையைத் தடவி, உள்ள இருக்கிற பாதியோட ஒட்டவச்சு இழுக்கலாம்னு பாத்திருக்காரு. ரெண்டு பாதியும் ஒட்டிச்சு. கூடவே பூட்டும் ஒட்டிச்சு.

என்கிட்ட நூல் மாதிரி மெல்லிசா, பல்லு வச்ச ரம்ப பிளேடு ஒன்னு இருக்கு. சாவித் துண்டுக்குப் பக்கத்துல அதை நுழைச்சு, லேசாத் திருப்பிப் பல்லைக் கடிக்க வச்சு, பொறுமையா இழுத்தா துண்டு தன்னால வந்துரும், பூட்டுக்கும் ஒரு கீறல் விழாது. பசை போட்ட பூட்டுல பிளேடு நுழையவே வழியில்ல. கடைசியில பூட்டையே அறுத்துத்தான் கதவைத் திறந்தோம். கைவேலை தெரிஞ்சவன் யாரா இருந்தாலும் இந்தப் பக்கம் 'பாஸ்'தான். அறுந்த பூட்டைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு முதலாளி சொன்னாரு: "டியூப்ல ஒட்டும்னு போட்டிருந்தான், ஒட்டிருச்சு. அவன் மேல குத்தம் சொல்லக்கூடாது பாஸ்."

கதவோட வந்தவரு

யானை நடமாடுற வில்கமுவயில இருந்து ஒரு விவசாயி நெல் லொறியில வந்து இறங்கினாரு, தோள்ல ஒரு முழுக் கதவோட. கதவு திறந்து கிடக்கிறப்பவே சாவி முறிஞ்சிருக்கு. பூட்டைக் கழட்டலாம்னா ஆணியெல்லாம் துருப்பிடிச்சு அசையல. மனுஷன் கீலைக் கழட்டிட்டு கதவையே தூக்கிட்டு வந்துட்டாரு. ஸ்டாண்டுல நின்ன சனமெல்லாம் கடைக்கு முன்னால கூடிருச்சு. துண்டை எடுக்க எனக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகல. திரும்பிப் போற லொறிக்கு அவரு சாயங்காலம் வரைக்கும் அந்தக் கதவுல சாஞ்சு உக்காந்திருந்தாரு.

எனக்கு மனசு கேக்கல. "பகல் பூரா வீடு கதவில்லாமக் கிடக்குமே, பயமில்லையா?"ன்னு சிங்களத்துல கேட்டேன். அவரு வெத்திலையைத் துப்பிட்டு நிதானமாச் சொன்னாரு: "திருடன் வந்தா எங்களுக்குத் தெரிஞ்சவனாத்தான் வருவான், யானைக்குக் கதவு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

டீச்சர் வீட்டு அலுமாரி

அலுவிகாரையில ஒரு ரிட்டயர் டீச்சர். யாழ்ப்பாணத்துப் பக்கம் பிறந்தவங்க, வேலைக்குன்னு வந்து இங்கேயே தங்கிட்டாங்க. புருஷன் போய்ச் சேர்ந்துட்டாரு. ஒரே மகன், முப்பது வயசு தாண்டினவன், கூடத்தான் இருந்தான். எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவங்க இந்த டீச்சர். ஒரு நாள் காலையில அவங்களே கடைக்கு வந்துட்டாங்க. "தம்பி, அலுமாரிக்குத் திறப்பு உள்ளுக்கை போகுதில்லை. ஒருக்கா வந்து பார்"னு சொன்னாங்க. திறப்புன்னா அவங்க பேச்சுல சாவி. கூடவே போனேன். மகன் கண்டிக்குப் போயிருந்தான், வீட்டுல வேற யாருமில்ல. பக்கத்து வீட்டுல கூப்பிடலாமான்னு கேட்க வாயெடுத்தேன். "ஒருத்தரும் வேண்டாம்"னுட்டாங்க. எனக்கு எழுதப் படிக்க வழி காட்டினவங்ககிட்ட நின்னு சாட்சி வேணும்னு கேக்கிறதா? வெக்கமா இருந்துச்சு. விட்டுட்டேன். புத்தி கெட்ட வேலை.

சாவி முறிஞ்சதுன்னு கூப்பிடுற எல்லார் கையிலயும் மத்தப் பாதி இருக்கும். டீச்சர் கையில இருந்தது முழுச் சாவி. அப்பவே எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. உள்ள அடைச்சுக்கிட்டிருந்த துண்டை இழுத்து எடுத்துப் பாத்தேன். புதுப் பித்தளை, ஓரம்கூட அரம் போடல. அதை டீச்சரோட சாவியில வச்சுப் பாத்தேன், பல்லுக்குப் பல்லு அதே வெட்டு. யாரோ டீச்சர் சாவியைக் களவா அச்செடுத்து, எங்கேயோ குடுத்து இன்னொன்னு வெட்டி, அவசரத்துல திருப்பி முறிச்சிருக்காங்க. வீட்டுல இருக்கிறது ரெண்டே பேரு. நான் சொல்லாமலே டீச்சருக்கு விளங்கிருச்சு. அலுமாரியைத் திறந்து சேலைக்கு அடியில இருந்த தகரப் பெட்டியைத் தொட்டுப் பாத்தாங்க. தாலிக்கொடி, காப்பு எல்லாம் இருந்துச்சு. நானும் பாத்தேன். பாக்காம இருந்திருக்கலாம்.

"பூட்டை இன்னைக்கே மாத்திடலாம் டீச்சர்"னு சொன்னேன். "மாத்தினால் பிள்ளையைச் சந்தேகப்பட்ட மாதிரிப் போயிடும். வேண்டாம்"னாங்க. அந்தத் துண்டை வாங்கி லேஞ்சியில, அதான் கைக்குட்டையில, வச்சு இறுக்கி முடிச்சுப் போட்டாங்க. வாசல் வரைக்கும் வந்து மெதுவாச் சொன்னாங்க: "இதை நீ காணேல்லை தம்பி, நானும் காணேல்லை."

பொலிஸ்ல

ரெண்டு வாரத்துல அந்தத் தகரப் பெட்டி போயிருச்சு. பொலிஸ்ல முறைப்பாடு குடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? மகனேதான், என் பேரைச் சொல்லி. அலுமாரியை யாரும் உடைக்கல, சாவி போட்டுத்தான் திறந்திருக்கு. கடைசியா அதைத் தொட்டவன் நான். சாவி வெட்டுற மிஷின் இருக்கிறதும் என்கிட்டத்தான். சார்ஜன் நல்லவருதான், அடிக்கல, திட்டல. "திறந்தவன் நீ, பாத்தவன் நீ, எடுத்தது மட்டும் வேற ஆளா?"ன்னு கேட்டாரு.

முறிஞ்ச துண்டு ஒன்னு இருக்கு, அது டீச்சர் சாவியில இருந்து முறிஞ்சது இல்ல, டீச்சரைக் கேட்டா சொல்லுவாங்கன்னு சொன்னேன். என் பேரே அந்த நகத்தளவு பித்தளைத் துண்டுலதான் தொங்கிக்கிட்டிருந்துச்சு. டீச்சரைக் கூட்டிட்டு வந்தாங்க. மகன் அவங்க நாற்காலிக்குப் பின்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னான். சார்ஜன் கேட்டாரு. டீச்சர் என்னைப் பாக்கவே இல்ல. ஒரு பிள்ளை எந்தப் பரீட்சையில எத்தனை புள்ளி எடுத்துச்சுன்னு இன்னைக்கும் சொல்லக்கூடியவங்க, தரையைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க: "எனக்கு வயசு போட்டுது சேர், ஒண்டும் ஞாபகமில்லை."

கையைக் காட்டினது

சாட்சி இல்லைன்னு என்னை விட்டுட்டாங்க. ஊர் விடல. ஒரு மாசத்துக்கு யாரும் வீட்டுக்குக் கூப்பிடல. பூட்டைக் கழட்டிக் கடைக்குக் கொண்டு வந்தாங்க, கழட்ட முடியாதவங்க கண்டியில இருந்து ஆள் வரவழைச்சாங்க. பிறகு டவுன்ல ஒரு வீட்டுல இருந்து வரச் சொன்னாங்க, சமைக்கிற குசினிக் கதவுல சாவி முறிஞ்சிருச்சுன்னு. போனா, நாலு பேர் சுத்தி நிக்கிறாங்க. இப்ப நான் சாட்சி கேக்கவே தேவையில்ல. துண்டை எடுத்துக் குடுத்துட்டுக் கிளம்புறப்ப, வீட்டுக்காரம்மா சிரிச்ச முகத்தோடயே, "குறை நினைக்காதீங்க அண்ணே, கையைக் கொஞ்சம் விரிச்சுக் காட்டிட்டுப் போங்க"ன்னாங்க. காட்டினேன். ரெண்டு கையையும் விரிச்சு, புறங்கையையும் திருப்பிக் காட்டினேன்.

கடைக்கு வந்து சம்சாரத்துக்கிட்ட சொன்னேன். அவ வாயில இருந்த நூலைக் கடிச்சுத் துப்பிட்டு, தைச்சுக்கிட்டிருந்த குடையை மடக்கி வச்சா. அழுவான்னு நினைச்சேன், அழல. அப்புறம் சொன்னா: "நீங்க எடுக்கலைன்னு எனக்குத் தெரியும், ஆனா தெரிஞ்ச ஒரே ஆளு நானா இருக்கிறதுதான் பயமா இருக்கு."

லேஞ்சி முடிச்சு

போன மாசம் டீச்சர் கடைக்கு வந்தாங்க. மெலிஞ்சு போயிருந்தாங்க. சம்சாரம் முகத்தைத் திருப்பிக்கிட்டா. லேஞ்சியைக் கண்ணாடிப் பெட்டி மேல வச்சு முடிச்சை அவிழ்த்தாங்க, உள்ள அந்த அரைச் சாவி. மகன் வெளிநாடு போயிட்டானாம். போய் ஒரு தரம் போன்ல கதைச்சவன், பிறகு எந்தத் தகவலும் இல்லையாம். "வீட்டிலை வச்சிருக்கப் பயமாக் கிடக்கு, எறியவும் மனம் வரேல்லை. நீயே வச்சிரு தம்பி"ன்னாங்க.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. டீச்சர்னுகூடப் பாக்காம சத்தம் போட்டுட்டேன். "இதை நான் வச்சு என்ன செய்யறது? உங்க வாய்ச்சொல் இல்லாம இது வெறும் பித்தளை. என்கூட இப்பவே பொலிசுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, என் பேர் எனக்குத் திரும்பி வந்துரும். ஒரே ஒரு வார்த்தை டீச்சர்!" ஸ்டாண்டுல நின்னவங்கெல்லாம் திரும்பிப் பாத்தாங்க. டீச்சர் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. நான் கையை உதறல, உதறியிருக்கணும். அழுதுக்கிட்டே சொன்னாங்க: "நீ நல்ல பிள்ளை, தாங்குவாய். கேஸ் எண்டு ஒண்டு வந்தால் அவன் இந்த மண்ணை மிதிக்கமாட்டான். அவனை விட்டால் எனக்குக் கொள்ளி வைக்க ஆர் இருக்கினம்?"

இப்பல்லாம் யாராவது போன் பண்ணினா, சாவி எப்படி முறிஞ்சதுன்னு கேக்கிறதுக்கு முன்னால, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கன்னுதான் நான் முதல்ல கேக்கிறேன்.