நாலு பேர் குளித்த தண்ணீர்

ஜப்பான் போய் வந்தது முதல் ஊரில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். கிருஷி பவனுக்குத் தென்னங்கன்று வாங்கப் போனாலும், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்து நின்றாலும், "ஏனுங்க, ஜப்பான் எப்படீங்க? சொர்க்கமாட்ட இருக்குமாமே?" என்கிறார்கள். ஏர்போர்ட் கக்கூஸ் சொர்க்கம்தான், மறுக்கவில்லை. அதைத் தாண்டி மலைக்கிராமத்துக்குள்ளே போய் ஒரு குடியானவன் வீட்டில் தங்கிப் பாருங்கள், அப்புறம் பேசலாம் என்று நாக்கு நுனி வரை வரும். அந்த வீட்டைப் பற்றி ஊரில் மூச்சு விடக்கூடாது என்று என் மனைவி சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதனால் "நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். எழுதக்கூடாது என்று அவள் சொல்லவில்லை.

நாங்கள் கிழக்குப் பாலக்காட்டுக்காரர்கள். தென்னையும் கொஞ்சம் நெல்லும். ஒரே மகள். இஞ்சினியரிங் முடித்துக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே மெஷின் மாட்ட வந்த ஜப்பான்காரர்கள் அவள் வேலையைப் பார்த்துவிட்டுத் தங்கள் ஊருக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். போன இடத்தில் கூட வேலை செய்கிற ஒரு பையனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று போனில் சொன்னாள். நான் கத்த வாயெடுப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

"நீங்க வந்து அவங்க ஊட்டைப் பாருங்கப்பா. பாத்துட்டு வேண்டாம்னு சொன்னீங்கன்னா நான் கட்டலீங்க. பாக்காம மட்டும் சொல்லிப்போடாதீங்க."

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருந்தால் கொஞ்ச வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பேரன் பிறந்ததும் இறங்கி வந்திருப்பேன். ஊர் வழக்கம் அதுதானே. இவள் முடிவையே என் தலையில் ஏற்றிவிட்டாள். சொன்ன வார்த்தை மாறுகிறவளும் இல்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு நல்லதாக ஒரு காரணம் கிடைக்க வேண்டுமே என்று குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

பையனுடைய ஊர் மலைமேலே, தேயிலைக் காடு. ரயிலில் போய், பஸ்ஸில் போய், பிறகு அவன் காரில் வளைந்து வளைந்து ஏறினோம். "எத்தனை அழகு பாருங்கப்பா" என்றாள் மகள். சரிவு முழுக்கத் தேயிலை, நடுவே மூங்கில், மேலே பனி. என் மச்சினனுக்கு உடும்பஞ்சோலையில் ஏலத்தோட்டம் இருக்கிறது. அங்கே போகிற வழியில் சின்னக்கானலில் வண்டியை நிறுத்தினால் இதே பச்சை, இதே பனி, கூடவே பாலும் சர்க்கரையும் போட்ட டீயும் கிடைக்கும். இதைப் பார்க்கவா கடல் தாண்டி வந்தோம் என்று கேட்டேன். என் மனைவி தொடையில் கிள்ளினாள்.

வீடு மர வீடு. பையனின் அப்பா என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். ஆயுசு முழுக்கத் தேயிலை பறித்து முதுகு வளைந்துபோனவர். பையனின் அம்மாவும் அவரும் வாசலில் மண்டி போட்டு, தலை பாயில் முட்டக் கும்பிட்டார்கள். பெரியவர்கள் என்னைக் கும்பிடுவது எனக்குக் கூசியது. நானும் கும்பிட்டேன். அவர்கள் மறுபடி கும்பிட்டார்கள். யாராவது ஒருத்தர் நிறுத்தினால் தேவலை என்று ஆகிவிட்டது.

உட்கார்ந்ததும் டீ வந்தது. புல்லை வேகவைத்து வடித்த தண்ணீர் போல இருந்தது. அவர்கள் தோட்டத்திலேயே விளைந்த உசத்தி இலையாம். அதோடு, கண்ணாடிக் கிண்ணத்தில் ஏதோ வெள்ளையாக வைத்தார்கள். சேமியா என்று நினைத்துக் கிட்டத்தில் பார்த்தேன். ஒவ்வொரு இழைக்கும் இரண்டு கறுப்புக் கண் இருந்தது. மீன் குஞ்சு. பச்சையாக. மலைக்குக் கீழே இருக்கிற கடற்கரைக்கே பேர் வாங்கிக் கொடுத்த பண்டமாம். நான் ஆட்டுத்தலை, குடல், ரத்தப்பொரியல் எல்லாம் தின்று வளர்ந்தவன். ஆனால் எங்கள் ஊரில் எதுவும் இலையில் கிடந்துகொண்டு என்னை முறைத்துப் பார்த்ததில்லை. என் மனைவி கைப்பையிலிருந்த எலுமிச்சை ஊறுகாயை விரலால் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் காட்டக்கூட இல்லை.

இதில் பையனின் அப்பா வேறு நிமிஷத்துக்கு ஒரு தரம் மூக்கை உறிஞ்சினார். சிந்திவிட்டு வந்தால் என்ன என்று மகளிடம் கேட்டேன். நாலு பேர் முன்னால் சிந்தினால்தான் இங்கே அசிங்கம், உறிஞ்சினால் தப்பில்லை என்றாள். நல்ல நியாயம்.

பொழுது சாய்ந்ததும் குளிக்கச் சொன்னார்கள். குளியலறை வீட்டுக்குப் பின்பக்கம். பெரிய இரும்பு அண்டாவைச் சுவரோடு பதித்து, வெளியே அடுப்பு வைத்து விறகு எரிக்கிறார்கள். உள்ளே கால் சுடாமல் இருக்க அடியில் ஒரு பலகை. வீட்டுக்கு வந்த ஒறம்பரைதான் முதலில் குளிக்க வேண்டும் என்பது அவர்கள் மரியாதை. எங்கள் பக்கத்திலும் ஒறம்பரைக்குத்தான் முதலில் தண்ணீர் வெளாவி வைப்போம், அதனால் எனக்குச் சரியாகப் பட்டது. "அண்டாவுக்கு வெளியே உக்காந்து சோப்புப் போட்டு நல்லாக் கழுவீட்டு அப்பறம் உள்ள எறங்குங்கப்பா" என்று மட்டும் மகள் சொன்னாள்.

அப்படியே செய்தேன். கழுத்தளவு வெந்நீர். பயண அலுப்பெல்லாம் கழன்று போனது. அந்த நாட்டில் எனக்கு உண்மையாகவே பிடித்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

எழுந்தபோதுதான் யோசனை வந்தது. பெண்ணைக் கொடுக்கலாமா என்று பார்க்க வந்த வீட்டில், நான் குளித்த அழுக்குத் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டா போவது? அந்த அம்மா வந்து கொட்டிக் கழுவ வேண்டுமா? நாளைக்கு ஒரு சொல் வந்துவிடாதா? எங்கள் பக்கம் மழை எட்டிப் பார்க்காத பூமி. சித்திரையில் பஞ்சாயத்துக் குடிவெள்ள லாரிக்குக் குடத்தை வரிசை வைத்துக் காத்திருக்கிற ஜனம். ஒருத்தர் குளித்த தண்ணீர் எங்கள் வீட்டில் சாக்கடைக்குப் போகாது. வாழைக்கோ தென்னைக்கோ போகும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பழம் தொங்குகிற ஒரு மரம், அதன் கீழே முள்ளங்கிப் பாத்தி. அவர்கள் கொடுத்திருந்த நீள அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, வாளி வாளியாக மொண்டு கொண்டுபோய் மரத்தடியில் ஊற்றினேன். குளிர் எலும்பைக் கடித்தது. அடிவண்டல் வரை வழித்து ஊற்றிவிட்டு, பொறுப்பான சம்பந்தி எப்படி இருப்பான் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று நிமிர்ந்தேன்.

பையனின் அப்பா தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். பின்னாலேயே வந்த அந்த அம்மா காலி அண்டாவைப் பார்த்து "ஆ" என்று ஒரு சத்தம் போட்டார். பையன் ஓடிப்போய் அடுப்பிலிருந்து எரிகிற விறகை இழுத்துப் போட்டான். தண்ணீர் இல்லாமல் எரிந்தால் அண்டா வெடித்துவிடுமாம். மூன்று பேரும் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் வேறு யாரும் குளிக்கவில்லை.

"அது எல்லாருக்கும் வெச்ச தண்ணிங்கப்பா" என்றாள் மகள். "நீங்க முடிச்சு அவுங்கப்பா, அப்பறம் அவரு, அப்பறம் அம்மா. அண்டா காய அரை நாளாவும். அவுங்கப்பா முதுகுவலிக்கு இந்த வெந்நீர்தான் மருந்து."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. "நான் உக்காந்து எந்திரிச்ச தண்ணியிலயா?"

"கழுவீட்டுத்தானுங்களே எறங்கறோம்."

"எறங்கறோமா? நீயுமா?"

"கடைசியா நாந்தானுங்கப்பா."

என் மகள், வெயில் நாளில் இரண்டு வேளை குளிக்கிறவள், நான் இல்லாத நாளிலும் நாலாவது ஆளாக, மூன்று பேர் ஊறிய தண்ணீரில் போய் உட்காருகிறாள். அது அவளுக்கு ஒன்றுமில்லை.

காலையில் இன்னும் மோசம். புளிக்க வைத்த சோயாப்பயறு. எங்கள் மாட்டுக் கழுநீர்த் தொட்டியைக் கழுவாமல் விட்டால் வருமே ஒரு வீச்சம், அதேதான். அதில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக் குச்சியால் அடித்தாள் மகள். சோற்றின் மேல் போட்டு வாய்க்குக் கொண்டுபோனாள். வழவழவென்று நூல் நூலாகக் கிண்ணத்துக்கும் உதட்டுக்கும் நடுவே தொங்கியது. குச்சியைச் சுழற்றி அறுத்துக்கொண்டு சிரித்தாள். சின்ன வயதில் அவள் தின்று மிச்சம் வைத்த சோற்றைத்தான் நான் தினமும் தின்பேன். மூக்குச்சளியை வெறும் கையால் துடைத்திருக்கிறேன். அப்போதெல்லாம் வராத குமட்டல் அன்றைக்கு அவள் வாயைப் பார்த்து வந்தது. பெற்ற மகளைப் பார்த்து அருவருப்பு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

காரணம் கிடைத்துவிட்டது என்று மனைவியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். "இந்த ஊடு ஆவாது. வேண்டாம்னு சொல்லிப்போடப் போறேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏனுங்க, ஆடிப்பதினெட்டுக்கு ஊருசனம் மொத்தமும் முங்கற கொளத்துல, எருமை ஒருபக்கம் கெடக்க, நீங்களும் முங்கி எந்திரிச்சுத்தான வந்தீங்கொ?"

"அது சாமி தண்ணி."

"எருமைக்கு அது தெரியுமுங்களா?" என்று கேட்டுவிட்டு ஊறுகாய் டப்பாவை மூடினாள். இத்தனைக்கும் ஜலதோஷம் என்று சொல்லி அந்த அண்டாப் பக்கமே போகாமல் தப்பித்துக்கொண்டவள் அவள்.

மத்தியானம் பின்பக்கம் விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. பையனின் அப்பா, ஒரு கையைச் சுவரில் ஊன்றி ஊன்றி நிமிர்ந்துகொண்டு, பிளந்துகொண்டிருந்தார். பையன் கோடாலியை வாங்கப் போனால் கொடுக்கவில்லை. பொழுதோடு மகள் வந்தாள். முகம் சுண்டிக் கிடந்தது.

"அப்பா, உங்களுக்குத் தனியாத் தண்ணி காய வெச்சிருக்காங்க. நீங்க குளிச்சிட்டு மரத்துக்கே ஊத்தீருங்களாம். அப்பறம் அவங்களுக்கு வேற தண்ணி காய வெச்சுக்குவாங்களாம். நம்ம பழக்கத்தை மாத்தச் சொல்றது மரியாதை இல்லைன்னு அவுங்கப்பா சொல்றாரு."

"நல்லதாப் போச்சு. கோவமில்லையே?"

"கோவமில்லீங்க. கோவிச்சிருந்தாத் தேவலை." என்றாள். "நான் இந்த ஊட்டுக்கு வந்து அவுங்க கூட ஒரே தண்ணியில குளிச்சுட்டு இருப்பேன். எங்கப்பா வந்தா மட்டும் தனித் தண்ணி வெப்பாங்க. எப்ப வந்தாலும், தனித் தண்ணி."

தனியாகத் தண்ணீர் வைப்பது என்றால் என்ன என்று எங்கள் பக்கத்துக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எங்கள் தோட்டத்து மோட்டார் அறையில் கம்பியில் மாட்டிய டம்ளர்கள் இருந்தன, எங்களுக்கு வேறு, வேலைக்கு வருகிறவர்களுக்கு வேறு. எதற்காக வேறு என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். வாயால் சொல்லாமல் நான் அந்த வீட்டுக்கு என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்கு அப்போது உறைத்தது. அவர்கள் அதைப் புரிந்துகொண்டு, முதுகு ஒடிய விறகு பிளந்து, எனக்கு ஒரு டம்ளரை மாட்டி வைத்துவிட்டார்கள்.

"நான் கடைசியாக் குளிக்கறேன்னு சொல்லு" என்றேன்.

"ஒறம்பரை கடைசியாக் குளிக்கறதில்லீங்கப்பா."

"அதான் சொல்லச் சொல்றேன்."

பையனின் அப்பா குளித்தார். பையன் குளித்தான். அந்த அம்மா, பிறகு என் மகள். நான் கதவைத் தாழிட்டுக்கொண்டு, தோல் சிவக்கத் தேய்த்துக் கழுவிவிட்டு, அண்டாவை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. ஓரத்தில் இரண்டு மூன்று மயிர், ஒன்று வெள்ளை. மேலே எண்ணெய்ப் படலம் போல ஏதோ மினுங்கியது. நாலு உடம்பின் வாசம் ஆவியோடு முகத்தில் அடித்தது. காலை வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். வெதுவெதுப்பு ஒட்டிக்கொண்டு மேலே ஏறியது. கழுத்து வரை இறங்கவில்லை என்றால் குளித்ததாகவே கணக்கில்லை என்று மகள் சொல்லியிருந்தாள். மோவாய் தொடும் வரை இறங்கினேன். கண்ணை இறுக மூடி, ஒரு சொட்டு உள்ளே போய்விடாமல் உதட்டையும் இறுக மூடிக்கொண்டு, எப்போது போதும் என்று ஆகும் என்று உட்கார்ந்திருந்தேன். எருமையோடு முங்கியதெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். ஒன்றும் உதவவில்லை.

சுவருக்கு வெளியே விறகு தள்ளுகிற சத்தம் கேட்டது. மகள்தான்.

"அப்பா, சூடு பத்துதுங்களா?"

தண்ணீர் ஆறிப்போய், பழைய கஞ்சி மாதிரி இருந்தது. அவள் அடுத்த விறகைத் தள்ளவில்லை. அவள் கேட்டது சூட்டைப் பற்றி மட்டுமல்ல என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"அப்பா?"

"பத்துது கண்ணு" என்றேன். "உங்கம்மாகிட்ட நாள் பாக்கச் சொல்லு."

வாயைத் திறந்ததில் அந்தத் தண்ணீர் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. துப்பினால் அவளுக்குக் கேட்கும். விழுங்கிவிட்டேன்.