அம்மாவின் நெற்றியில் இருந்த திருநீறு

இந்த நினைவு மலரைப் பிரித்திருக்கும் சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும் வணக்கம். அம்மா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த மலர் போன மாதமே அச்சாகியிருக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் நான்தான்.

அம்மாவின் தம்பியான என் மாமா, அச்சகத்திலிருந்து ஒரு மாதிரிப் பிரதி கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் அம்மாவின் படம். அதன் கீழே, "இறுதி நாளில் முருகன் நாமம் சொல்லி, திருநீறு கேட்டு வாங்கி அணிந்து, இறைவனடி சேர்ந்தார்" என்று இருந்தது. படத்திலும் நெற்றியில் மூன்று கோடுகள். அது பாஸ்போர்ட்டுக்காக எடுத்த படம். எடுத்த அன்று அந்த நெற்றியில் எதுவும் இல்லை.

"யாரு மாமா இப்படி எழுதச் சொன்னது?"

"பெரியக்காதான். அவங்க கூட இருந்தாங்கதானே? விடு லா."

"நானும்தான் கூட இருந்தேன்."

பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் கோடு போட்டேன். மறுநாள் அம்மாவின் அக்காவான பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார். "படிச்ச பிள்ளைன்னு ரொம்பத்தான் ஆடுறே. அந்த வரி இல்லேன்னா நான் திதிக்கு வரல." பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

அம்மாவுக்கு இருப்பது ஒரே அக்கா. அவர் இல்லாமல் அம்மாவின் திதியை எப்படி நடத்துவது? அவர் வர வேண்டும் என்பதற்காக நடக்காததை அச்சடித்தால், நாம் நினைவுகூர்வது வேறு யாரையோ அல்லவா? இரண்டு வாரம் தூக்கம் வரவில்லை. கடைசியில், எனக்குத் தெரிந்ததை முதலிலிருந்து எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

அம்மா, ஜோர்ஜ்டவுனுக்குக் கடலின் எதிர்க்கரையில் உள்ள பாகான் டாலாமில் பிறந்தார். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்மா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தார். மாமா அப்போது கைக்குழந்தை. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அதற்கு மேல் அனுப்பவில்லை. பத்தொன்பது வயதில் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் சேர்ந்தார். திருமணமாகி ஜோர்ஜ்டவுனில் இந்த அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். எனக்கு ஒன்பது வயதானபோது அப்பா சாலை விபத்தில் இறந்தார். அதன் பிறகு எல்லாமே அம்மாதான். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. அம்மாவுக்கும் இருந்ததில்லை. பட்டமளிப்புக்கு முந்திய வாரம் தொழிற்சாலை பஸ் ஓட்டுநர் வரை எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தார்.

அம்மாவின் வேலை, சிப்புகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. நல்லது பாஸ் தட்டுக்கு, குறையுள்ளது ரிஜெக்ட் தட்டுக்கு. ஒருநாள் சரக்கு அனுப்ப அவசரம். பார்க்காத தட்டுகளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார் லைன் லீடர். "எல்லாம் ஒரே லாட்தான் அக்கா, சைன் பண்ணுங்க லா." அம்மா பாஸ் என்று எழுதவில்லை, ரிஜெக்ட் என்றும் எழுதவில்லை. 'பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஆண்டு அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது.

அங்கே இன்னொரு விதியும் உண்டு. படிவத்தில் தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். என்ன தவறு நடந்தது என்று பிறகு வருபவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். என் பள்ளிப் பையில் அம்மா அழிப்பான் வைக்க விட்டதில்லை.

கடவுளைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில்தான். "நான் பார்க்கல. பார்க்காததை பாஸும் பண்ண மாட்டேன், ரிஜெக்டும் பண்ண மாட்டேன்." ஆனால் பெரியம்மா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்த வருடங்களில் எல்லாம் தண்ணீர் போத்தலோடு கூடவே நடந்தவர் அம்மா.

"நம்பாதவ நீ எதுக்குடி வரே?" என்று பெரியம்மா ஒருமுறை கேட்டார்.

"முருகன் தண்ணி குடுப்பாருன்னா சொல்லு அக்கா, நான் வீட்டுக்குப் போறேன்."

பெரியம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குடம் ஆடிப்போனது.

தேர்தல் நேரத்தில் அரிசிப் பையோடு வந்தவர்கள், "நம்ம ஆளு நிக்கிறாரு, பாத்துப் போடுங்க" என்றார்கள். "நம்ம ஆளுன்னா, எங்க லிஃப்ட் ஏன் எட்டு மாசமா ஓடல?" என்று கேட்டார் அம்மா. எதிர்த்தரப்பின் பிரசாரக் கூட்டமான செராமாவுக்கும் போய், கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று அதே லிஃப்டைப் பற்றிக் கேட்டார். இரண்டு தரப்பினரும் அவரை மறுதரப்பு அனுப்பிய ஆள் என்றார்கள். "நாம் அனைவரும் ஒரே குடும்பம்" என்று தொழிற்சாலையில் பெரிய எழுத்தில் ஒட்டியபோது, "குடும்பத்துல வந்து போக எதுக்கு பஞ்ச் கார்ட்?" என்றார். நேப்பாளப் பெண்கள் வந்து நம் வேலையைப் பறித்துவிட்டார்கள் என்று பஸ்ஸில் பேச்சு வந்தது. "அவங்க எங்க பறிச்சாங்க? கம்மி சம்பளத்துக்கு ஆள் எடுத்தவனைக் கேளுங்க" என்றார் அம்மா. இரண்டு வாரம் பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

என்னையும் விடவில்லை. வேதியியல் படிக்கும் கர்வத்தில் நான், "இது விஞ்ஞானம்மா" என்றால், "நீ செஞ்சு பார்த்தியா, புக்ல படிச்சியா?" என்பார். புற்றுநோய் என்று தெரிந்த பிறகு மருத்துவரிடம், "இந்த மருந்து எனக்குக் கேக்குமா டாக்டர்?" என்று நேராகவே கேட்டார். "தெரியாது ஆன்ட்டி. சில பேருக்குக் கேக்குது" என்றார் அவர். வெளியே வந்ததும் அம்மா சொன்னது: "தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றாரு. இவர்கிட்டயே காட்டலாம்."

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கடினம்.

அம்மா இறப்பதற்கு இரண்டு நாளுக்கு முன், காலையில் வலி தாங்க முடியாமல் போயிற்று. மருத்துவமனைக் கட்டிலின் ஒரு பக்கம் நான், மறு பக்கம் பெரியம்மா. அம்மா "முருகா" என்று கத்தினார். ஒரு முறை. நான் தாதியைக் கூப்பிட ஓடினேன். மருந்து ஏறி, வலி கொஞ்சம் அடங்கியது. பெரியம்மா கைப்பையிலிருந்து கோவில் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார்.

"பாத்தியா? கடைசியில அவன் பேருதானே வந்துச்சு."

"வந்துச்சு அக்கா. இல்லேன்னு சொல்ல மாட்டேன். 'அம்மா'ன்னும்தான் கத்தினேன். நம்ம அம்மா செத்து எத்தனை வருசமாச்சு?"

"வச்சு விடட்டா?"

நான் பெரியம்மாவின் கையைத் தடுத்தேன். "வேணாம் பெரியம்மா."

"நீ சும்மா இரு," என்றார் அம்மா என்னிடம். பிறகு பெரியம்மாவைப் பார்த்து, "வை அக்கா. உன் மனசுக்கு ஆறுதல்னா வை. நான் கேட்டு வாங்கினேன்னு மட்டும் நாளைக்கு யார்கிட்டயும் சொல்லாதே" என்றார்.

பெரியம்மா வைத்தார். பிறகு சாப்பிடக் கீழே போனார். அம்மா கண்ணயர்ந்தார். நான் ஒரு டிஷ்யூவைத் தண்ணீரில் நனைத்து அந்தத் திருநீற்றைத் துடைத்துவிட்டேன். அம்மாவின் கொள்கையைக் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு.

அம்மா விழித்ததும் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். விரலைப் பார்த்தார்.

"அக்கா வச்சது எங்க?"

"துடைச்சிட்டேன்மா."

"யாரைக் கேட்டு?"

தண்ணீர்க் குவளையை எடுத்து நீட்டினேன். அம்மா வாங்கவில்லை.

"அவளாவது கேட்டுட்டு வச்சா. நீ கேட்டியா? இது யாரோட நெத்தி?"

அம்மா என்னிடம் கோபமாகப் பேசியது அதுதான் கடைசி. மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த நாளுக்கு அடுத்த நாள், பிற்பகலில், அவர் மூச்சு நின்றது. இறுதிச் சடங்குகள் பெரியம்மா விரும்பியபடியே நடந்தன. "செத்த பிறகு உங்க இஷ்டம். எனக்குத் தெரியவா போகுது?" என்று அம்மா முன்பே சொல்லியிருந்தார்.

மாதிரிப் பிரதியில் நான் கோடு போட்டபோது, அம்மா முருகனை அழைத்ததே மலரில் வரக் கூடாது என்றுதான் நினைத்தேன். அதுவும் துடைப்பதுதான் என்று பிறகே புரிந்தது. ஆகவே இதுவரை உள்ளதை எழுதி முடித்து, படகேறி, பெரியம்மா வசிக்கும் பாகான் டாலாமுக்கு எடுத்துப் போனேன். நான் துடைத்த விஷயத்தை அதுவரை பெரியம்மாவிடம் சொன்னதில்லை.

பெரியம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு, வரிக்குக் கீழே விரலை வைத்துப் படித்தார். துடைத்த இடம் வந்ததும் விரல் நின்றது. நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். பிறகு விரல் மெல்ல அடுத்த வரிக்குப் போனது. கடைசி வரை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு தடவைன்னு எழுதியிருக்கே. ரெண்டு தடவை. நீ நர்ஸைக் கூப்பிட ஓடினப்ப இன்னொரு தடவை கூப்பிட்டா."

"சரி பெரியம்மா. எழுதிடறேன்."

"இரு, முடிக்கல." காகிதங்களை மடியில் வைத்துத் தட்டிச் சீராக்கினார். "மறுநாள் நீ குளிக்க வீட்டுக்குப் போயிருந்தே. நெத்தி வெறுமையா இருந்துச்சு. வைக்கட்டாடின்னு கேட்டேன். 'இன்னைக்கு வேணாம் அக்கா'ன்னா. நான் வைக்கல. அதையும் எழுது."

"நீங்க சொல்லலேன்னா அது யாருக்குமே தெரியாதே பெரியம்மா."

"எனக்குத் தெரியும்ல?"

அம்மாவைக் கடைசி வரை கவனித்த மருத்துவருக்கும் வார்டு தாதியருக்கும், வேலை முடிந்த களைப்போடு பஸ் பிடித்து வந்து பார்த்த தொழிற்சாலைத் தோழியருக்கும், லிஃப்ட் ஓடாத நாள்களில் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து ஐந்து மாடி இறக்கிய அண்டை வீட்டாருக்கும், என் பொருட்டு அச்சகத்துக்கு மூன்று முறை அலைந்த மாமாவுக்கும் என் நன்றி. முதல் பக்கத்துப் படம், எடுத்தபடியே, கோடுகள் இல்லாமல் இருக்கிறது; அதன் கீழே அந்த வரியும் இல்லை.

பெரியம்மாவுக்கு என் நன்றியை அம்மாவின் முறையில் சொல்கிறேன். மேலே நான் தவறாக எழுதியதை அழிக்கவில்லை, கோடு மட்டும் போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சரியானது இது: அம்மா முருகனை இரண்டு முறை அழைத்தார். மறுநாள் திருநீறு வேண்டாம் என்றார். இரண்டையும் பார்த்தவர் பெரியம்மா.

மகள்