சரக்குக் கொட்டகையின் இரண்டு மார்த்தாக்கள்

இப்போது அந்தப் பெயரைச் சொல்லலாம். அவள் குடும்பமே வந்து, "லெஷெக், இனிமே சொல்லிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனது. அதனால்தான் எழுதுகிறேன். நடுவில் இரண்டரை வருஷம், அடித்துக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பெல்டனில் பழைய ரயில்வே சரக்குக் கொட்டகைதான் எங்கள் ஓவியக்கூடம். நான் அங்கே ஆணி அடிக்கிறவன். சட்டம் செய்வேன், படம் மாட்டுவேன், கோணலாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் சண்டை போடுவேன். கலையைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அங்கே படம் போட்ட இரண்டு மார்த்தாக்களை மட்டும் நன்றாகத் தெரியும்.

ஒருத்தி எங்கள் போலந்துக்காரி, மார்த்தா வில்ச்செக். நாற்பத்தொன்பதில் நான் வந்த கப்பலில்தான் அவளும் வந்தாள். யுத்தத்தின்போது ஜெர்மன்காரர்கள் அவளைப் பிடித்துக்கொண்டு போய்ப் பண்ணை வேலையில் போட்டு, போலந்துக்காரி என்று தெரிய, சட்டையில் 'பி' என்று ஓர் எழுத்தைத் தைத்துவிட்டார்கள். மூன்று வருஷம் அந்த எழுத்துதான் அவளுக்குப் பெயர். இங்கே வந்தால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அங்கிருந்த மேற்பார்வைக்காரி, கப்பலில் வந்த பெண்கள் அத்தனை பேரையும் 'மேரி' என்றே கூப்பிட்டாள். மார்த்தா திரும்பியே பார்க்கவில்லை. இந்தப் பெண்ணுக்குக் காது மந்தம் என்று ஃபைலில் எழுதிவிட்டார்கள்.

ஐம்பது வயதுக்கு மேல், புருஷன் போன பிறகு, தூரிகையைப் பிடித்தாள். படம் எப்படி வந்தாலும் சரி, மூலையில் தன் பெயரைச் சிவப்பில் கொட்டை எழுத்தில் போட்டுவிடுவாள்.

"படத்தைவிடப் பேரு பெருசா இருக்கே" என்றேன் ஒரு தடவை.

"படம் யாரு வேணா போடலாம்டா. பேரு எங்கம்மா வெச்சது. உன் வேலையைப் பாரு."

இன்னொரு மார்த்தா அனங்கு ஜனம், இந்த மண்ணின் பூர்வகுடி. வடமேற்கே மணல்மேடுகளில் பிறந்தவள். பாதிரியார்கள் வைத்த பெயர் அது. துணியைத் தரையில் விரித்து, சுற்றிச் சுற்றி உட்கார்ந்து புள்ளி வைப்பாள். எங்கள் மார்த்தா பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு எங்கள் ஊர்ப் பனியையும் வெள்ளைப் பட்டை பிர்ச் மரத்தையும் வரைவாள். வெளியே நாற்பத்திரண்டு டிகிரி வெயில் கொளுத்தும். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, அதனால் ஒருவரையொருவர் நன்றாகவே புரிந்துகொண்டார்கள்.

"உன் மரமெல்லாம் பாவம், குளிர்ல வெறைக்குதுடீ. ஒரு கம்பளியாவது போர்த்தி விடேன்" என்பாள் தரையில் இருப்பவள்.

"உன் படத்துல மட்டும் என்ன வாழுதாம்? எது மேல, எது கீழன்னே தெரியல. இந்த லெஷெக் எப்படி மாட்டுவான்?"

"இது எங்கப்பன் ஊருடீ. ஊருக்கு ஏது மேலும் கீழும்? அவன் எப்படி மாட்டினாலும் கோணலாத்தான் இருக்கப்போவுது."

என்னைத் திட்டுவதென்றால் மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி.

பதினாறு வருஷம் இப்படி ஓடியது. தொண்ணூற்று மூன்று நவம்பரில் இருவர் படங்களையும் சேர்த்து முதல் கண்காட்சி வைப்பதாக முடிவாயிற்று. ஆளுக்குப் பதினான்கு படம். அக்டோபர் கடைசி வாரம் அனங்கு மார்த்தா ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். சிறுநீரகக் கோளாறு. எங்கள் மார்த்தா அழவில்லை. மூன்று நாள் யாரோடும் பேசவில்லை, அவ்வளவுதான். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நவம்பர் இரண்டாம் தேதி எங்களுக்குக் கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தி ஏற்றி, செத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக உரக்கப் படிப்போம். பெயர் விட்டுப்போன ஆத்மாவை யாரும் நினைக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் கோயில் பட்டியலில் செத்துப்போனவளைச் சேர்க்க வழியில்லை, அவள் வேறு சபை. அதனால் மார்த்தா கொட்டகையிலேயே அதைச் செய்தாள். சிநேகிதியின் படத்தின் கீழே பன்னிரண்டு மெழுகுவர்த்தி. ஒரு பெரிய அட்டையில் அவள் பெயர். குடும்பத்தையும் ஆள்விட்டு அழைத்திருந்தாள். மகள் ஐவியும் ஏழெட்டுப் பெண்களும் உள்ளே வந்ததும், மார்த்தா எழுந்து நின்று, அந்தப் பெயரை முழுசாக, கணீரென்று மூன்று முறை சொன்னாள்.

ஒரு கிழவி காதைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி அடி வாங்கியவள் மாதிரி கத்தினாள். ஒரு நிமிஷத்தில் கொட்டகை காலி. மார்த்தா கையில் அட்டையோடு அப்படியே நின்றாள்.

நானும் நாற்பது வருஷமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன். செத்தவர் பெயரை அந்த ஜனங்கள் வாயில் எடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மார்த்தா அவர்களுக்கு ஆள்விட்டபோது நான் ஏணிமேல் இருந்தேன், வாயில் ஆணி. முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது என் தப்பு.

மறுநாள் ஐவி தனியாக வந்தாள். கோபமாக இல்லை, களைத்துப் போயிருந்தாள்.

"சின்னம்மா, அம்மா படங்களையெல்லாம் சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சிடுங்க. கொஞ்ச வருஷத்துக்கு அந்தப் பேரு எங்க காதுல விழக் கூடாது. படத்து மூலையில நீங்க போடறதும் அதே பேருதான். அது இருக்கற இடத்துக்கு எங்களால வர முடியாது."

"அப்ப என்னை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"குன்மனாரா. செத்தவங்க பேரு யாருக்கு இருந்தாலும் இப்படித்தான் கூப்பிடுவோம்."

மார்த்தாவின் முகம் சிவந்துவிட்டது. "பண்ணையில எழுத்தால கூப்பிட்டான். சலவைக்கூடத்துல கண்ட பேரை வெச்சுக் கூப்பிட்டா. இப்ப நீங்களுமா? என்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதாண்டீ!"

"அந்தப் பேரைச் சொன்னா அம்மா திரும்பிப் பார்ப்பாங்க, போக மாட்டாங்க. எங்களுக்கும் நெஞ்சு தாங்கல. ஆனா உங்களைக் கூப்பிடாம இருக்கவும் முடியலையே, சின்னம்மா. என்ன பண்றது?"

மார்த்தா பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பத்து நாள் கொட்டகைப் பக்கம் வரவில்லை. அவள் வீட்டு முட்டைக்கோஸ் சூப் வாசனை தெருவரைக்கும் வந்தது, என்னை உள்ளே கூப்பிடவில்லை. பதினான்கு படத்தையும் நான் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினேன். பின்பக்கத் துணியும் மரக்கட்டையும்தான் தெரிந்தன. இதற்கும் ஆணி அடிக்க வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே அடித்தேன். கண்காட்சியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அந்தக் குடும்பம் வரவில்லையென்றால் அது யாருக்காக?

திறப்புக்கு முதல் நாள் காலையில் மார்த்தா வந்தாள். கையில் வெள்ளைச் சாயம், ஒரு மெல்லிய தூரிகை. முதல் படத்தின் முன்னால் குனிந்து, சிவப்பில் இருந்த தன் பெயரின் மேல் பனியைப் பூச ஆரம்பித்தாள்.

"ஏய், என்ன பண்ற நீ? பைத்தியமா?" என்றேன்.

"கத்தாதடா, பூச விடு."

முதல் எழுத்து மறைந்தது, இரண்டாவது மறைந்தது. சிவப்பு லேசில் மறையவில்லை, மூன்று தடவை பூச வேண்டியிருந்தது.

"இத்தனை வருஷம் கட்டிக் காத்த பேரு" என்றேன்.

"அந்தப் பண்ணைக்காரனுக்கு என் பேரே தெரியாதுடா" என்றாள், திரும்பாமல். "தெரிஞ்சுக்கணும்னு தோணவும் இல்ல. இவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லாம இருக்காங்க. எனக்கு இது வீட்டுக்குப் போனப்புறம்தான் மண்டையில ஏறுச்சு. சரி, ஏணியைப் பிடி, மேல இருக்கற ரெண்டும் எனக்கு எட்டல."

மத்தியானத்துக்குள் பதினான்கும் முடிந்துவிட்டன. ஐவிக்கு நான்தான் போய்ச் சொன்னேன்.

மறுநாள் கூட்டம் வந்தது. டவுனிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு சுவரில் யார் போட்டதென்று தெரியாத பனிக்காடு, எதிர்ச் சுவரில் முதுகைக் காட்டும் படங்கள். ஒருவர் என்னிடம் வந்து, தப்பாக மாட்டிவிட்டீர்களோ என்று கேட்டார். சரியாகத்தான் மாட்டியிருக்கிறேன் என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இதற்குச் சண்டை போடத் தோன்றவில்லை.

நான்கு மணிக்கு அந்தக் குடும்பம் வந்தது. பதினெட்டுப் பேர். மார்த்தா ஒரு மூலையில் நாற்காலியில், பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவர்கள் பனிக்காட்டை மெதுவாக, ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். பிறகு திருப்பி வைத்த படங்களின் கீழே தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். காதைப் பொத்திக்கொண்ட கிழவியும் இருந்தாள். வட்டத்தில் ஐவிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

ஐவி தலையைத் தூக்கி, கூடம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"குன்மனாரா! அங்க ஒத்தையில உக்காந்து என்ன பண்றீங்க? அம்மா இடம் காலியா கிடக்கு, வாங்க."

மார்த்தா உடனே திரும்பினாள். "இதோ வந்துட்டேன்" என்றாள். முழங்கால் மடங்காமல் தரையில் உட்காரப் பட்ட பாட்டில் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்ததும், பதினைந்து நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண்கள் அத்தனை பேரும் அவளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதார்கள்.