மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

கல்லூரியில் காலனியநீக்கம் பற்றி நாற்பது பக்கம் எழுதியவள் நான். கொடி மாறியது, ஆட்சி மாறியது. கோர்ட்டும் ஆபீசும் பரீட்சையும் மட்டும் ஆண்டவர்களின் மொழியிலேயே நின்றுவிட்டன என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் சேர்ந்த இரண்டாம் வாரமே அப்படியொரு பரீட்சை என் கைக்கு வந்தது. பிரஸ் மெஷின் ஆபரேட்டராக வேண்டுமென்றால் இருபது கேள்விகளுக்கு எழுதிக் காட்ட வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில்.

பேக்கிங்கில் இருந்த, கல்லாவி ஊரிலிருந்து வந்ததால் எல்லோரும் கல்லாவி அக்கா என்று கூப்பிட்டவர் அதில் இரண்டு முறை தோற்றிருந்தார். மூன்றாவது முறையும் தோற்றால் கடைசிவரை பேக்கிங்தான். ஆள் வராத நாட்களில் அந்த மெஷினை ஓட்டக் கூப்பிடுவது அவரைத்தான் என்பது வேறு கதை.

ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து கேள்விகளைத் தமிழாக்கினேன். ஓர் ஆங்கிலச் சொல்லையும் விட்டுவைக்கவில்லை. பிரஸ் அழுத்துபொறி ஆயிற்று, சென்சார் உணரி ஆயிற்று. சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் பெருமையாக நீட்டினேன்.

பாதி படித்தவர் நிமிர்ந்தார். "இது எந்த ஊரு மெஷினு மேடம்?"

"நம்ம பிரஸ்ஸுதான்க்கா."

"இதுக்கு இங்கிலீஸே தேவல. அதுலயாச்சும் ரெண்டு வார்த்த தெரியும்."

சுருக்கென்றது. வெள்ளைக்காரன் நாற்காலியைத் தூக்கிவிட்டு என் நாற்காலியைப் போட்டிருந்தேன். அக்கா நின்றுகொண்டேதான் இருந்தார்.

"அப்ப எப்பிடித்தான் கேக்கறது?"

"மெஷினாண்ட வந்து கேளுங்க."

மெஷின் முன்னாலேயே வாயால் கேட்டுத் தேர்வு வைக்கலாமா என்று மேலாளரிடம் ஓடினேன். "எழுத்துலதான் வைக்கணும்னு ரூல் இருக்குமேம்மா" என்றார். ரூல் புத்தகத்தைப் புரட்டினோம். இல்லவே இல்லை. யாரோ எப்போதோ தொடங்கியதை எல்லோரும் விதியென்றே நம்பியிருந்தோம்.

மறுநாள் மெஷின் முன்னால் தேர்வு. மேலாளர் பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் கேட்டார். அக்காவும் அப்படியே பதில் சொன்னார்.

"சென்சார் வேல செய்யலன்னா?"

"எமர்ஜென்சி பட்டன அழுத்துவேன். மெயின ஆஃப் பண்ணுவேன். கையி அப்பறந்தான் உள்ள போவும்." கொஞ்சம் நிறுத்தி, "சார், இந்த கார்டு லூசா கீது. இதோட ஓட்டக் கூடாது."

மேலாளர் குனிந்து பார்த்தார். கார்டு என்ற அந்தத் தடுப்புத் தகடு ஆடியது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டு, அக்காவின் தேர்வுத் தாளில் தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை, அக்கா ஓட்டும் அழகைப் பார்க்கும் ஆசையில், மெஷினைச் சுற்றித் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போனேன்.

"மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க மேடம்" என்றார், திரும்பாமலே. "இது ஆபரேட்டர் எடம்."

சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்து நின்றேன்.