போகச் சொல்ல ஆளில்லை

எங்கள் தையல் கம்பெனியில் பொத்தான் தைக்கும் பெண், பத்தொன்பது வயதில் தன் கட்டுப்பாடான மதச் சபையை விட்டு வந்தவள். அங்கே சினிமா பாவம். ஜெபக் கூட்டம் முடிந்தாலும் சபைப் பெரியவர் “போகலாம்” என்று சொல்லாமல் யாரும் எழக் கூடாது.

போன ஞாயிறு நான்தான் அவளை முதன்முதலாகத் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். படம் முழுக்க என் கையை நசுக்கிக்கொண்டே இருந்தாள், பாவி! முடிந்து எல்லோரும் போனபிறகும் முதுகை நிமிர்த்தி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“எந்திரிடி, படம் முடிஞ்சிருச்சு.”

“யாரும் போகச் சொல்லலையே அக்கா?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “இங்க யாரும் சொல்ல மாட்டாங்க. உனக்கு எப்பத் தோணுதோ அப்பப் போகலாம்.”

சட்டென எழுந்து டிக்கெட் கவுண்டரைப் பார்த்து ஓடினாள்.

“எங்கடி ஓடுற?”

“போகணும்னு எனக்கு இன்னும் தோணலக்கா! அடுத்த ஆட்டத்துக்கு ரெண்டு டிக்கெட் எடுக்கறேன்!”